அடுப்பிலே உறங்கும் பூனை



"அவர்கள் வீட்டு அடுப்பிலே பூனை உறங்குகிறது" என்று நம்மவர் சொன்னால், அந்த வீட்டிலே உலை வைத்துப் பல நாளாயிற்று என்பது பொருள். வறுமை என்ற சொல்லே வராமல் வறுமையைச் சொல்லிவிடுகிற வழக்கு அது. அடுப்புச் சாம்பலிலே சுருண்டு கிடக்கும் இந்தப் பூனையை யப்பானியரும் தமது இலக்கியத்திலே வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அது பசியின் குறி அன்று, குளிரின் குறி.

பூனை அடுப்பை நாடுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை. வெயிலுக்குப் பழகிய வறண்ட நிலத்து உயிர். சுற்றுப்புற வெப்பம் ஏறக்குறைய 30 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே, பூனையின் உடல் தன் சூட்டைக் காக்க மேலதிகமாக உழைக்க வேண்டும். நமக்கு இதமான அறை அதற்குக் கூதல். வாலால் மூக்கை மூடிச் சுருள்வதும், முன்னங்கால்களை நெஞ்சுக்கடியிலே மடித்து ஒளித்துக்கொள்வதும் காற்றுப்படும் உடற்பரப்பைக் குறைக்கும் உபாயங்களே.

கால் மடித்த இந்த இருக்கைக்கு யப்பானியர் 'வாசனைப் பெட்டி இருக்கை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். வாசனைப் பொருள் இட்டு வைக்கும் சிறிய மூடிபெட்டி போலத் தோன்றுவதால் அந்தப் பெயர். பல பூனைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கிக் குவிந்தால் 'பூனைத் தங்கோ'. தங்கோ என்பது நமது கொழுக்கட்டைக்கு உறவான அரிசிமா உருண்டை!

அவர்களுடைய பழைய வீடுகளில் சமையல் முடிந்து நெருப்பு அணைந்த பின்னும் மண்ணடுப்பிலே சூடு தங்கியிருக்கும். பூனை அதற்குள் புகுந்து படுத்து, விடியலில் சாம்பல் பூசிய முகத்தோடு வெளியே வரும். ஹைக்கூக் கவிதையிலே பருவத்தைக் காட்டும் சொல்லொன்று வருவது மரபு. தோமியாசு பூசெய் என்ற 20ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆண்ட 'அடுப்புப் பூனை' என்ற தொடர், கூதிர்காலச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அந்த ஒரு தொடரே பனிக்காலம் முழுவதையும் கொண்டுவந்துவிடும். நம் அகப்பாட்டிலே கருப்பொருள் செய்கிற வேலைதான் இது.

மியாசாவா கென்ஜி (1896-1933) இந்தப் பூனையை வேறு விதமாகக் கண்டார். 1926இல் வெளியான அவரது சிறுகதை 'பூனைகளின் அலுவலகம்'. நம் முதியவர்கள் பாஷையிலே 'பூனைக் கந்தோர்' என்றே சொல்லலாம். அங்கே எழுதுவினைஞர் நால்வர். கடைசி ஆள் அடுப்புப் பூனை. கடுங்கோடையிலே பிறந்ததால் தோல் மெல்லியது, குளிர் தாங்காது. மற்றவர்களைப் போல வெளியே படுத்துப் பார்க்கிறது. நள்ளிரவிலே தும்மல் பிடிக்கிறது. வேறு வழியின்றி அடுப்புக்குள் போகிறது. மூக்கிலும் காதிலும் கரி. அந்தக் கரியே குற்றமாகிறது. மற்ற மூவரும் அதனை வெறுக்கிறார்கள். அது நோயுற்று ஒருநாள் வராதபோது, தலைவரிடம் கோள் சொல்லி அவரையும் திருப்பிவிடுகிறார்கள். மறுநாள் வந்தால் மேசையிலே அதன் பதிவேடு இல்லை; ஒருவரும் முகம் பார்ப்பதில்லை. அடுப்புப் பூனை மணிக்கணக்கில் அழுகிறது. இறுதியிலே ஒரு சிங்கம் வந்து அலுவலகத்தையே கலைத்துவிடுகிறது. சிங்கத்தோடு தமக்குப் பாதி உடன்பாடு என்கிறார் கதைசொல்லி. அந்த மீதிப் பாதியிலேதான் கதையின் வலி இருக்கிறதென்று நான் நினைக்கிறேன். ஒதுக்கப்பட்ட பூனைக்கும் அந்த வேலை போய்விட்டதே!

குளிர் தாங்காமை ஒரு குற்றமா என்று கேட்பது கென்ஜியின் கதை. நம் வழக்கிலே பூனைமீது யாருக்கும் குறையில்லை. விரட்டுவதற்கு அடுப்படியிலே ஆள் வந்தால்தானே?

அடுப்பின் வறுமைக்கு இதைவிடப் பழைய சான்று புறநானூற்றில் உண்டு. குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்த தம் வீட்டு அடுப்பிலே காளான் பூத்ததைச் சொல்கிறார் (164). காளானுக்கு ஈரம் வேண்டும்; பூனைக்கு உலர்ந்த சாம்பல் வேண்டும். சாத்தனாரின் அடுப்பிலே பூனைகூடப் படுத்திருக்காது.

ஹைக்கூவிலே இன்னொரு பூனையும் இருக்கிறது. குளிர் முடிந்ததும் துணை தேடி இரவெல்லாம் கத்தித் திரியும் 'காதற் பூனை'. அது வசந்தத்துக்குரிய சொல். அதனை அடுத்த முறை பார்ப்போம்.