மின்னூட்டமே இல்லாத நியூட்ரான் எப்படி அகப்பட்டது?

கதிர்வீச்சுக் கருவிகள் பெரும்பாலும் மின்னூட்டத்தை நம்பியிருப்பவை. வாயுவுக்குள் பாயும் ஆல்ஃபா துகள், வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைப் பிய்த்தெறியும். அந்த மின்துடிப்பே தடயம். நியூட்ரான் அப்படித் தடயம் விடாது.

1932-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில், ஜேம்ஸ் சாட்விக் பொலோனியத்தின் ஆல்ஃபா துகள்களைப் பெரிலியத்தின்மீது பாய்ச்சினார். அதிலிருந்து கிளம்பிய கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை உதைத்துத் தள்ளியது. பாரிஸில் இதைக் கண்டிருந்த ஜோலியோ-கியூரி தம்பதி காமா கதிர் என்றே எண்ணினர். சாட்விக் ஏற்கவில்லை. கேரம் காயை இன்னொரு காய் அடிப்பதுபோல, ஏறக்குறைய சம நிறையுள்ள துகள்தான் அவ்வளவு வேகம் தர முடியும். நைட்ரஜன் கருக்களையும் மோதவிட்டு, அவை பெற்ற வேகத்தை ஒப்பிட்டு, துகளின் நிறையைக் கணக்கிட்டார். அடிபட்டதை அளந்து அடித்ததை அறிந்த அபாரமான வாதம் அது! 1935-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய நியூட்ரான் கருவிகள் பலவும், ஹீலியம்-3 அல்லது போரான்-10 கருக்கள் நியூட்ரானை விழுங்கி வெளியேற்றும் மின்னூட்டத் துகள்களையே எண்ணுகின்றன.