அணிந்து செல்லும் அபாய மணி

ஆபத்து வேளையில் ஒரு பெண்ணால் உதவிக்குக் குரல் கொடுக்க இயலாமற் போகக்கூடும். அச்சத்தால் நா எழாதிருக்கலாம்; எழுந்தாலும் கேட்கும் தூரத்தில் எவரும் இல்லாதிருக்கலாம். அத்தகைய நேரத்தில் ஒரு சிறு பொத்தானை அழுத்தியே தொலைவிலுள்ளோருக்குச் செய்தி எட்டும்படி செய்யும் சாதனங்கள் இன்று பல நாடுகளில் விற்பனையாகின்றன. பதக்கமாகவும், கைவளையாகவும், உடையில் செருகும் வில்லையாகவும் அவற்றை அணியலாம். ஆங்கிலத்தில் இதற்குப் ‘பேனிக் பட்டன்’ என்று பெயர். இதனைப் ‘பீதிப் பொத்தான்’ என்று மொழிபெயர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதை அழுத்துகிறவள் பீதியால் நிலை தடுமாறியவள் அல்லள்; செய்ய வேண்டியது இன்னதென அறிந்து செய்கிறவள். ஆகவே ‘அபாயப் பொத்தான்’ என்றே இங்குக் குறிப்பிடுவேன்.

இத்தொழிலில் ஈடுபட்ட பெண்களுள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த யாஸ்மின் முஸ்தபா அம்மையாரின் அனுபவம் நாம் அறியத்தக்கது. குவைத்தில் பிறந்த இவர், 1990-ஆம் ஆண்டு அங்குப் போர் மூண்டபோது சிறுமியாகக் குடும்பத்தாருடன் அமெரிக்காவை வந்தடைந்தார். முறையான குடியுரிமை இன்மையால், குறைந்த கூலிக்குக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே படித்து, 2006-இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 2012-இல் குடியுரிமை கிடைத்தது. அதன்பின் தென் அமெரிக்க நாடுகளில் ஆறு மாத காலம் தனியே பிரயாணம் செய்தார். சென்ற இடமெல்லாம் பெண்கள் தங்களுக்கோ தங்களைச் சேர்ந்தவர்களுக்கோ நேர்ந்த தாக்குதல்களைப் பற்றியே அவரிடம் பேசினராம். ஊர் திரும்பிய சில நாட்களில், அவர் வசித்த வட்டாரத்திலேயே, நிறுத்தி வைத்த காருக்குக் கட்டணம் செலுத்த வீதிக்கு வந்த ஒரு பெண் கொடிய தாக்குதலுக்கு உள்ளானாள். 2014-இல் ‘ரோர் ஃபார் குட்’ என்னும் ஸ்தாபனம் தோன்றியது.

மிளகுப் பொடித் தெளிப்பான் போன்ற ஓர் ஆயுதத்தைக் கைவளையில் அமைக்கலாம் என்பதே அம்மையாரின் முதல் எண்ணம். ஆனால் அணியப்போகும் பெண்களையே அழைத்துக் கேட்டபோது, அந்த ஆயுதத்தைப் பறித்துத் தங்கள்மீதே பிரயோகித்துவிடுவார்களே என்று பலர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. எனவே ஆயுதம் கைவிடப்பட்டது. மணி மட்டும் எஞ்சியது. ‘அதீனா’ என்று பெயரிடப்பட்ட அவ்வில்லை ஒரு பெரிய நாணயத்தின் அளவே இருக்கும். தற்செயலாக அழுந்திவிடாதபடி பொத்தான் சற்று உட்குழிந்திருக்கும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உரத்த ஒலி எழும்பும்; அணிந்திருப்பவர் இருக்குமிடம் அவருடைய கைப்பேசியின் வாயிலாக உற்றாருக்குச் செல்லும். 2015-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் முறையில் இதற்காக இரண்டரை இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

வரவேற்பு இருந்தும் தொழிலில் இடர்ப்பாடு இருந்தது. ஒருவர் ஒரு வில்லையை ஒருமுறை வாங்குவார். அடுத்தவரைத் தேடி மீண்டும் விளம்பரம் செய்தாக வேண்டும். இது வாணிபக் கணக்கு. இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் வில்லை ஒலிக்குமேயன்றிச் செய்தி அனுப்பாது. செய்தி போய்ச் சேர்ந்தாலும், அதனைப் பெறும் தாயோ தோழியோ வேறோர் ஊரில் உறங்கிக்கொண்டிருக்கலாம். தவிரவும், தன் பாதுகாப்புக்கான விலையைத் தாக்குதலுக்கு இலக்காகும் பெண்ணே செலுத்த வேண்டும் என்னும் ஏற்பாட்டில் என்ன நீதி இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை ஹோட்டல்களிலிருந்து வந்தது. ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் பணிப்பெண், முன்பின் அறியாத ஒருவர் தங்கியுள்ள அறைக்குள் தனியே நுழைகிறாள். சிகாகோ நகரத் தொழிற்சங்கம் 2016-இல் நடத்திய விசாரணையில், ஹோட்டல் பணிப்பெண்களுள் 58 சதவிகிதத்தினர் விருந்தினரின் தகாத நடத்தைக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாண்டு நவம்பரில் சியாட்டில் நகர வாக்காளர்கள், பணிப்பெண்களுக்கு ஹோட்டல் நிர்வாகமே அபாயப் பொத்தான் வழங்க வேண்டுமென்று தீர்ப்பளித்தனர். சிகாகோ நகர மன்றத்தின் சட்டம் 2018 ஜூலையில் அமலுக்கு வந்தது. நூறு அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கு நியூ ஜெர்ஸி மாநிலம் பிறப்பித்த சட்டம் 2020 ஜனவரி முதல் நடைமுறையாயிற்று. அம்மையாரின் ஸ்தாபனமும் தனிப்பெண்களுக்கு விற்பதைவிட்டு ஹோட்டல்களுக்குச் சந்தா முறையில் வழங்கும் தொழிலுக்கு மாறியது. இதனைத் தோல்வி என்று கருதுவோர் இருக்கலாம். பொருளுக்குரிய விலையைக் கொடுக்க வேண்டியவர் கொடுக்கும்படி நேர்ந்தது என்றே நான் கொள்வேன்.

ஆயினும் பழைய வில்லையை அப்படியே ஹோட்டலில் பயன்படுத்த இயலாது. செயற்கைக்கோளிலிருந்து வரும் மெல்லிய வானலை, கான்கிரீட் தளங்களை ஊடுருவிக் கட்டடத்தின் உட்புறத்தை எட்டுவது அரிது. எட்டினாலும், இருபது மாடிக் கட்டடத்தில் எந்த மாடி என்பதை அது நம்பத்தக்க முறையில் உரைக்காது. ஆகையால் அறைகளிலும் தாழ்வாரங்களிலும் புளூடூத் வானலையைப் பரப்பும் சிறு பெட்டிகளைப் பொருத்துகின்றனர். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளம் உண்டு. பொத்தான் அழுத்தப்பட்டவுடன், அதற்கு மிக அருகிலுள்ள பெட்டி எதுவெனக் கணித்து, அறையின் எண்ணைக் காவலருக்குத் தெரிவிக்கிறது இவ்வமைப்பு. பணிப்பெண் அடுத்த அறைக்கு ஓடினால் எண்ணும் உடன் மாறும். அவள் தன் கைப்பேசியை எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. 2020-இல் கொள்ளை நோயால் ஹோட்டல்கள் வெறிச்சோடின. அதன்பின் இந்த ஸ்தாபனம் மருத்துவமனைகளையும் நாடியது. நோயாளிகளாலும் உடன் வருவோராலும் தாதியர் தாக்கப்படுவது அங்கும் நீண்டகாலக் குறையாகும்.

நம் நாட்டிலும் இம்முயற்சிகள் நடைபெறாமலில்லை. ‘ஸேஃபர்’ என்னும் அணிசாதனத்தைச் செய்த டில்லி நகர இளைஞர்களின் ‘லீஃப் வேரபிள்ஸ்’ ஸ்தாபனம், பெண்கள் பாதுகாப்புக்கான பத்து இலட்சம் டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசை 2018-இல் வென்றது. விற்பனையாகும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அபாயப் பொத்தான் வசதி இருத்தல் வேண்டுமென்று மத்திய அரசு விதித்த விதி 2017-இல் அமலுக்கு வந்தது. அவ்வழைப்புகளை ஏற்பதற்கான 112 என்னும் ஒருங்கிணைந்த அவசர உதவி அமைப்பு, மாநிலங்களுள் முதலாவதாக ஹிமாசலப் பிரதேசத்தில் தொடங்கப்பெற்றதோ 2018 நவம்பரில்தான்.

பணியிடத்தைப் பொறுத்தவரை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே உள்ளது. அதன் 19-ஆவது பிரிவு, பணியிடத்தில் தொடர்பு கொள்ள வரும் வெளியாரிடமிருந்தும் பெண்களுக்குப் பாதுகாப்பளிப்பது முதலாளியின் கடமை என்கிறது. ஹோட்டல் விருந்தினரும் மருத்துவமனைக்கு வருவோரும் அதில் அடங்குவர். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவமனையில், இரவுப் பணியிலிருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர், சற்று இளைப்பாறச் சென்ற கருத்தரங்கக் கூடத்தில் பலாத்காரத்துக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். மருத்துவத் துறையினரின் பாதுகாப்பை ஆராயச் சுப்ரீம் கோர்ட் ஒரு தேசியப் பணிக்குழுவை நியமித்தது.

இத்தகைய இடங்களுக்கு அபாயப் பொத்தான் வாங்க முற்படும் நிர்வாகிகள் விலையையும் வடிவத்தையும் விசாரிப்பதுடன் நில்லாமல், அதை அழுத்தினால் மணி எந்த அறையில் அடிக்கும், இரவு இரண்டு மணிக்கு அவ்வறையில் விழித்திருப்பவர் யார், அவர் ஓடிவர எத்தனை நிமிஷம் ஆகும் என்பவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.