டி-ரெக்ஸ் பொம்மை ஏன் அடிக்கடி குப்புற விழுது?

டைனோசர் மாடல்களைச் சேகரிக்கிற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தா, அவரோட ஷெல்ஃபை ஒருமுறை கவனிச்சுப் பாருங்க. ட்ரைசெரடாப்ஸ், ஸ்டெகோசாரஸ் எல்லாம் நிம்மதியா நிற்கும். டி-ரெக்ஸ் மட்டும் சுவரில் சாய்ஞ்சிருக்கும். இல்லைன்னா நெஞ்சுக்குக் கீழே ஒரு கண்ணாடி மாதிரியான குச்சி முட்டுக்கொடுத்திருக்கும். ரெண்டும் இல்லைன்னா, பக்கத்தில் நின்ன நாலு பேரையும் தள்ளிவிட்டுட்டு குப்புறக் கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னன்னா, காசு அதிகம் கொடுத்து வாங்கின, ‘அறிவியல்படி சரியானது’ன்னு பேர் வாங்கின மாடலில்தான் இந்தத் தொல்லை அதிகம். திருவிழாக் கடையில் வாங்கின ரப்பர் டைனோசர் வருஷக்கணக்கா அசையாம நிற்குது. இது ஏன் விழுது? பெரும்பாலும் தரக்குறைவு காரணம் இல்லை. நிஜ டி-ரெக்ஸின் உடம்பை எவ்வளவு சரியா சுருக்குறாங்களோ, அவ்வளவு சிரமம் அதை நிற்க வைக்கிறது. நிற்கணும்னா உடம்பில் எங்கேயாவது ஒரு சின்னப் பொய் சேர்க்கணும். அந்தப் பொய்யை எங்கே வைக்கிறதுங்கிறதுதான் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தலைவலி. வாங்குற நாமும் அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

35 செ.மீ உடம்பு, 2.4 செ.மீ பாதம்

சின்னதா ஒரு கணக்கு போடலாம். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிற ‘சூ’ என்ற டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் நீளம் சுமார் 12.3 மீட்டர். இடுப்பு உயரம் சுமார் 4 மீட்டர். சேகரிப்பாளர்களிடம் பிரபலமான 1:35 அளவுக்கு இதைச் சுருக்கினா, 35 செ.மீ நீளத்தில் ஒரு மாடல் கிடைக்கும். இடுப்பு 11 செ.மீ உயரத்தில் இருக்கும்.

இப்போ பாதத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டி-ரெக்ஸுடையதுன்னு கருதப்படுற ஒரு காலடித் தடம் கிடைச்சிருக்கு. அதோட நீளம் சுமார் 83 செ.மீ. அதை 35-ஆல் வகுத்தா 2.4 செ.மீ. அதாவது, உங்க கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரெண்டு பாதங்கள் மேல, ஒரு அடி ஸ்கேலைவிட நீளமான உடம்பு நிற்கணும்.

பள்ளியில் படிச்ச ஈர்ப்பு மையம் ஞாபகம் இருக்கா? ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்க்கீழே ஒரு கோடு போட்டா, அது அந்தப் பொருள் ஊன்றி நிற்கிற பரப்புக்குள்ள விழணும். வெளியே போனா சாய்ஞ்சுடும். தஞ்சாவூர் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறதுக்குக் காரணம், அடிப்பாகத்தில் கனமும் அகலமும் இருக்கிறது. டி-ரெக்ஸ் அதுக்கு நேரெதிர். கனமெல்லாம் மேலே, கீழே ரெண்டு சின்னப் பாதம்.

ரெண்டு பாதமும் பக்கம் பக்கமா இருந்து, ஈர்ப்பு மையம் சரியா பாதத்தின் நடுவே, இடுப்பு உயரத்தில் இருக்குன்னே வெச்சுக்குவோம். முன்பக்கம் மிச்சம் இருக்கிற இடம் 1.2 செ.மீ. கணுக்காலில் 6 டிகிரி சாய்ஞ்சாலே போதும், மாடல் கவிழ்ந்துடும். கடிகாரத்தில் நிமிட முள் ஒரே நிமிஷத்தில் நகர்ற கோணம் அது.

நிஜ டி-ரெக்ஸ் மட்டும் எப்படி நின்னுச்சு?

முதல் காரணம், வால். இடுப்புக்கு முன்னாடி தலையும் உடம்பும் எவ்வளவு கனமோ, அதைச் சமன் செய்யுற அளவுக்குப் பின்னாடி தசை நிறைந்த தடித்த வால் இருந்துச்சு. கிட்டத்தட்ட ஒரு தராசு மாதிரி.

ரெண்டாவது, காற்று. டி-ரெக்ஸின் கழுத்து, முதுகு எலும்புகளில் இன்றைய பறவைகளுக்கு இருக்கிற மாதிரியே காற்றறைகள் இருந்தன. மண்டை ஓட்டிலும் பெரிய பெரிய திறப்புகள். பார்க்கப் பிரமாண்டமா இருந்தாலும் முன்பாகம் அந்த அளவுக்குக் கனம் இல்லை. ஆனா பிளாஸ்டிக் மாடலில் தலையும் வாலும் ஒரே பொருள்தான். அளவு துல்லியமா இருந்தாலும், எடை நிஜத்தில் இருந்த மாதிரி பிரிஞ்சு இருக்காது.

மூணாவது, உயிர். நீங்க பேருந்தில் நின்னுக்கிட்டு வரும்போது உங்களை அறியாமலேயே கால் தசைகள் நொடிக்கு நொடி சரிசெஞ்சுக்கிட்டே இருக்கும். டி-ரெக்ஸும் அப்படித்தான் நின்னிருக்கும். பொம்மைக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை வார்த்தா வார்த்ததுதான்.

மூணாவது காலா மாறின வால்

இந்தச் சிக்கலுக்குப் பொம்மைக்காரர்கள் ரொம்ப காலம் பயன்படுத்தின தீர்வு, வாலைத் தரையில் ஊன்றி முக்காலி ஆக்குறது. அவங்களைக் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானிகளே அப்போ அப்படித்தான் நினைச்சாங்க. 1905-ல் டி-ரெக்ஸுக்குப் பெயர் வெச்ச ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் காலத்தில், 1915-ல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வெச்சது. கங்காரு மாதிரி நிமிர்ந்த உடம்பு, தரையில் இழுபடுற வால். அதைப் பார்த்து ஓவியங்கள், படங்கள், பொம்மைகள் எல்லாம் வந்தன. 1950-களில் அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் விற்ற பிளாஸ்டிக் டி-ரெக்ஸும் நிமிர்ந்துதான் நின்னுச்சு.

1970 வாக்கில் இந்த எண்ணம் ஆட்டம் கண்டது. ஜான் ஆஸ்ட்ரம் 1969-ல் டைனோனிகஸ் பற்றியும், நியூமன் 1970-ல் டி-ரெக்ஸின் நிலை பற்றியும் எழுதினாங்க. முதுகு தரைக்கு இணையா, வால் காற்றில் நீண்டபடி இருந்திருக்கணும்னு தெரிய ஆரம்பிச்சது. டைனோசர் காலடித் தடங்களோடு வால் இழுபட்ட தடயம் கிடைப்பதும் அபூர்வம். 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ அந்தப் புது உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு. நியூயார்க் அருங்காட்சியகமும் 1990-களில் தன் எலும்புக்கூட்டைக் கழற்றி, படுக்கை நிலையில் மறுபடி பூட்டியது.

இனி எல்லாம் மாறியிருக்கும்னுதானே நினைப்பீங்க? 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் டி-ரெக்ஸ் வரையச் சொன்னாங்க. கல்லூரி மாணவர்களில் 72 சதவிகிதம் பேரும், பிள்ளைகளில் 63 சதவிகிதம் பேரும் அளவுக்கு மீறி நிமிர்ந்து நிற்கிற மாதிரிதான் வரைஞ்சாங்க. படம் வந்து 20 வருஷம் ஆகியும் இப்படி! சின்ன வயசிலிருந்தே பொம்மைகளிலும் கார்ட்டூன்களிலும் பார்த்த பழைய உருவம் மனசில் பதிஞ்சுபோனதுதான் காரணமா இருக்கும்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க. கையில் வெச்சு விளையாடின உருவம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. அதனால்தான் ‘பொம்மைதானே’ன்னு இதை விட்டுட முடியலை.

பொய் எங்கே ஒளிஞ்சிருக்கு?

இன்றைய தயாரிப்பாளர்கள் பயன்படுத்துற வழிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு லாபம், ஒரு நஷ்டம்.

*பாதத்தைப் பெரிசாக்குறது:* ஜெர்மனியின் ஷ்லைக் நிறுவனத்தின் பழைய மாடல்கள் இதுக்குப் பேர்போனவை. தலை, தோல் எல்லாம் அருமையா இருக்கும். கால் மட்டும் ரெண்டு சைஸ் பெரிய ஷூ போட்ட மாதிரி. குழந்தை விளையாடினாலும் விழாது. ஆனா பாதத்தின் அளவு பொய்.

*கால்களை அகட்டி வைக்கிறது:* பக்கவாட்டில் சாயாம இருக்க இது உதவும். பார்த்தவுடனே தப்புன்னு தெரியாது. ஆனா இரண்டு கால் ஊனுண்ணி டைனோசர்களின் தடங்களைப் பார்த்தா, பாதங்கள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் முன்னும் பின்னுமா விழுந்திருக்கும்.

*வாலைத் தரையில் தொட வைக்கிறது:* பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை ஒரு வரிசையை விற்றது. அருங்காட்சியக விஞ்ஞானிகள் பார்த்து ஒப்புதல் கொடுத்த வரிசை அது. அதில்கூட சில இரண்டு கால் டைனோசர்கள் வாலை ஊன்றித்தான் நின்னுச்சு. விஞ்ஞானி சரின்னு சொன்னாலும், ஈர்ப்பு விசை ஒத்துக்கணும் இல்லையா?

*அடிப்பீடம்:* பாறை, சேறு மாதிரி செஞ்ச பீடத்தில் பாதத்தைப் பொருத்திடுறது. உடம்பில் பொய்யே தேவையில்லை. ஓடுற போஸ்கூட வைக்கலாம். ஆனா கையில் எடுத்து விளையாட முடியாது, இடமும் அடைக்கும். 1:6 அளவில் வந்த ‘பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோசோயிக்’ ராப்டர்களுக்கு உடம்பெல்லாம் மூட்டுகள். எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பலாம். நிறுத்தி வைக்கப் பீடமும் கூடவே வரும்.

*ஒளிபுகும் முட்டுக்குச்சி:* சீனாவின் பி.என்.எஸ்.ஓ தன் இரண்டு கால் டைனோசர்கள் பலவற்றோடு இதைப் பெட்டியிலேயே வெச்சுத் தருது. சிலருக்கு இது அழகைக் கெடுக்கிற மாதிரி தெரியும். எனக்கு இதுதான் நேர்மையான வழின்னு தோணுது. பாதமும் வாலும் இருக்க வேண்டிய அளவில் இருக்கும். ‘இது தானா நிற்காது’ங்கிற உண்மை வெளிப்படையா தெரியும். குச்சியைப் பார்க்கிற யாரும் அதை டைனோசரின் உறுப்புன்னு நினைக்க மாட்டாங்க. பெரிய பாதத்தைப் பார்க்கிற குழந்தை அப்படித்தான் நினைக்கும்.

அதுக்காகப் பெரிய பாதம் எப்பவுமே குற்றம்னு சொல்ல வரலை. நாலு வயசுப் பிள்ளைக்கு வாங்குறீங்கன்னா, மெல்லிய கணுக்காலும் குச்சியும் இருக்கிற மாடல் ஒரு வாரம் தாங்காது. கூரான பல், நகம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் இல்லை. அவங்களுக்கு மொழுக்கையான, தடித்த பொம்மையே சரி. ‘நிஜ டி-ரெக்ஸுக்குப் பாதம் இவ்வளவு பெரிசு கிடையாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க, போதும்.

அறிவியலும் ஓரிடத்தில் நிற்கிறதில்லை

சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு வேதனை இருக்கு. இன்னைக்குச் சரியா இருக்கிற மாடல் நாளைக்குப் பழசாகிடலாம். 2012-ல் சீனாவில் இறகுகளோடு யூடிரானஸ் என்ற டி-ரெக்ஸின் உறவுக்கார டைனோசர் அறிவிக்கப்பட்டது. உடனே டி-ரெக்ஸுக்கும் இறகு வெச்ச மாடல்கள் வர ஆரம்பிச்சது. 2017-ல் டி-ரெக்ஸின் தோல் பதிவுகள் பற்றிய ஆய்வு வந்தது. அந்தத் துண்டுகளில் இருந்தது செதில். 2023-ல் இன்னொரு ஆய்வு, பல்லை மூடுற உதடு இருந்திருக்கணும்னு வாதிட்டது. பல் வெளியே தெரியுற மாடல் வெச்சிருக்கிறவங்க என்ன செய்வாங்க?

ஸ்பைனோசாரஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். பின்னங்கால் குட்டையா இருந்துச்சு, நாலு காலில் நடந்திருக்கலாம்னு 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. நிற்க வைக்கிற கவலை தீர்ந்ததுன்னு பொம்மைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பாங்க! ஆனா 2018-ல் வேறொரு ஆய்வு, ஈர்ப்பு மையம் இடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும், ரெண்டு காலிலேயே நடந்திருக்கலாம்னு சொன்னது. விஞ்ஞானிகளுக்குள்ளேயே நடந்த விவாதமும் கடைசியில் ‘எங்கே கனம், எங்கே கால்’ங்கிற அதே கணக்குதான்.

அதனால் ‘நூறு சதவிகிதம் சரி’ன்னு யாராவது விற்றா நம்பாதீங்க. எந்த வருஷம் வந்த மாடல்னு கேளுங்க. அந்த வருஷத்தில் தெரிஞ்ச விஷயத்துக்கு அது உண்மையா இருந்தா, நல்ல மாடல்தான்.

வாங்கும்போது, வாங்கின பிறகு

படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்குறீங்கன்னா, முன்பக்கப் படம் மட்டும் போதாது. பக்கவாட்டுப் படத்தில் பாதத்தையும் தலையையும் ஒப்பிட்டுப் பாருங்க. வால் தரையில் படுதான்னு பாருங்க. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, கைதட்டுற மாதிரி இருக்கணும். மேஜையைத் தட்டுற மாதிரி கீழ்நோக்கி இருந்தா தப்பு. பீடமோ குச்சியோ கூட வருதான்னு கேட்டுக்கோங்க.

பெரும்பாலான மாடல்கள் பி.வி.சி பிளாஸ்டிக். சூடும் எடையும் சேர்ந்தா இது மெல்ல மெல்ல வளையும். நம்ம ஊர் மே மாசத்தில் ஜன்னலோரமோ, வெயில் காய்கிற மேற்குச் சுவர் பக்கமோ வெச்சா, அந்த 6 டிகிரி சாய ரொம்ப நாள் ஆகாது. நிழலான, காற்றோட்டமான தட்டில் வைங்க. குச்சி வந்திருந்தா, நல்லா நிற்கும்போதே பொருத்திடுங்க. சாய்ஞ்ச பிறகு மாட்டினா வளைவு வளைவாவே நின்னுடும்.

ஏற்கெனவே சாய்ஞ்சுடுச்சா? கொதிச்சு இறக்கின வெந்நீரில் கால் பகுதியை மட்டும் ஒரு நிமிஷம் முக்குங்க. இடுக்கியால் எடுத்து, துணி சுற்றிப் பிடிச்சு, சாய்ஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் கூடுதலாவே வளைங்க. அப்படியே பிடிச்சபடி குளிர்ந்த நீரில் வைங்க; இறுகிடும். அடுப்பில் வெச்சுக் கொதிக்க விட வேண்டாம், பெயின்ட் கெட்டுடும். ரெசின் சிலைகளில் இதை முயற்சி பண்ணவே கூடாது, வளையாம உடைஞ்சுடும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தா தள்ளி உட்காரச் சொல்லுங்க.

இவ்வளவு செஞ்சும் மறுபடி சாயுதா? சின்ன அக்ரிலிக் ஸ்டாண்டு ஒன்று வாங்கி இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுங்க. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அருங்காட்சியகத்தில் நிற்கிற நிஜ டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டையே இரும்புச் சட்டம் போட்டுத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க.