எரியுற வீட்டை விட்டுட்டு பக்கத்து வீட்டுக்கு ஏன் தண்ணி அடிக்கிறாங்க? வரிசை வீடுகளில் தீ பரவும்போது நடப்பது என்ன?

கோடை வந்தால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அடிக்கடி வரும் செய்தி இது: 'மின்கசிவால் தீ, அடுத்தடுத்த கூரை வீடுகள் எரிந்து நாசம்'. கூடவே ஒரு செல்போன் வீடியோவும் வரும். அதில் தீயணைப்பு வண்டி நிற்கும், வீரர்கள் ஹோஸ் பிடித்து நிற்பார்கள், பின்னால் யாராவது கத்துவார்கள்: "எரியுற வீடு இங்க இருக்கு, நீங்க அங்க எங்கய்யா அடிக்கிறீங்க?"

நியாயமான கோபம்தான். கண் முன்னாடி வீடு எரியும்போது வேறு எதுவும் தோன்றாது. ஆனா பெரும்பாலான நேரங்களில் அந்த வீரர் சரியான இடத்தில்தான் தண்ணீர் அடிக்கிறார். வண்டி வந்து சேர்வதற்குள் முதல் வீட்டின் கூரை முடிந்துபோயிருக்கும். அதை அணைத்தாலும் மிஞ்சப்போவது கரிக்கட்டையும் மண்சுவரும். அவர் மனதில் ஓடுகிற கேள்வி ஒன்றே ஒன்று: இந்தத் தீயை எந்த வீட்டோடு நிறுத்த முடியும்?

முதல் வீட்டுக்குள் ஆள் சிக்கியிருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது மீட்புதான் முதல் வேலை. வீட்டில் இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் இந்த 'எங்கே நிறுத்துவது' கணக்கு தொடங்கும். அதனால்தான் வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள்

இந்தப் பகுதியில் வரிசை வீடு என்றால் இரண்டு வகை. ஒன்று ஊர்ப்புறத்துக் கூரை வீடு. பனை ஓலை, தென்னங்கீற்று, கரும்புச் சோகை என்று கிடைப்பதை வைத்து வேய்ந்தது. கரும்பும் பனையும் நிறைந்த மாவட்டம் என்பதால் கூரைக்குப் பொருள் பக்கத்திலேயே கிடைக்கும். மழைக்காக மேலே ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய் வேறு போட்டிருப்பார்கள். அது எரியும்போது உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து, விழுந்த இடத்தையும் பற்ற வைக்கும். இரண்டு வீட்டின் கூரை நுனிகளும் தொட்டுக்கொண்டிருப்பது சாதாரணம்.

இன்னொன்று டவுனில் இருக்கும் லைன் வீடு. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வாடகை வீடுகள். மேலே ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அல்லது தகரம். சுவர் செங்கல்தானே, தீ எப்படித் தாண்டும் என்று தோன்றும். சிக்கல் சுவரின் உச்சியில் இருக்கிறது. பல பழைய லைன் வீடுகளில் நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே வெற்றிடம், ஒரே மர உத்திர வரிசை. முதல் வீட்டில் எழும் சூடான புகை மேலே போய், அந்த வெற்றிடம் வழியாக நான்காவது வீட்டுப் பரண் வரை சத்தமில்லாமல் ஓடிவிடும். நான்காவது வீட்டுக்காரர் வாசலில் நின்று முதல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தலைக்கு மேலேயே சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

தொடாமலே எப்படிப் பற்றுது?

தீ நாக்கு நேராகத் தொட்டுப் பரவுவது எல்லோருக்கும் தெரியும். தொடாமலே பரவும் வழிகள்தான் ஆட்களை ஏமாற்றுபவை.

ஒன்று, கதிர்வீச்சு வெப்பம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் சுமார் 1 கிலோவாட். காய்ந்த மரத்தின் மீது இதைப்போல 12 மடங்கு வெப்பம் தொடர்ந்து விழுந்து, பக்கத்தில் ஒரு சின்னப் பொறியும் இருந்தால் போதும், மரம் பற்றிக்கொள்ளும். கட்டடங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணக்குப் போடும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவு இதுதான். கொழுந்துவிட்டு எரியும் கூரைக்கு நேர் எதிரே சில அடி தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்த அளவு சூடு சுலபமாக வந்துவிடும். கதவு, ஜன்னல், கொடியில் காயும் துணி என்று எது முதலில் பற்றும் என்பது மட்டும்தான் தெரியாது.

இன்னொன்று, பறக்கும் கங்கு. ஓலையும் சோகையும் எடை குறைவு. எரியும்போது மேலே எழும் சூடான காற்று அந்தத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், நடுவில் இருக்கும் நாலைந்து வீட்டை விட்டுவிட்டு அதற்கு அப்பால் போடும். "எங்க வீடு தள்ளி இருக்கு, வராது" என்று இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். காற்றும் ஒரே பக்கம் அடிக்கும் என்று நம்ப முடியாது. மரக்காணம் கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால், காலையில் மேற்கிலிருந்து அடித்த காற்று, கடற்காற்று உள்ளே வந்ததும் திசை மாறிவிடலாம். அதுவரை பாதுகாப்பாக இருந்த பக்கம் தீயின் பாதையாகிவிடும்.

4,500 லிட்டர் எவ்வளவு நேரம் வரும்?

தீயணைப்பு வண்டி என்றால் தண்ணீர் தீராது என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் தண்ணீர் வண்டியின் கொள்ளளவு சுமார் 4,500 லிட்டர். ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 10 நிமிடத்தில் டேங்க் காலி. இரண்டு ஹோஸ் போட்டால் 5 நிமிடம். அதற்குப் பிறகு அடுத்த வண்டி வர வேண்டும், அல்லது பக்கத்தில் விவசாயக் கிணறோ பம்ப்செட்டோ ஏரியோ இருக்க வேண்டும். மே மாதத்தில் இங்கே பாதி ஏரி காய்ந்து கிடக்கும்.

தூரமும் சேர்ந்துகொள்ளும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் வண்டி சீறிக்கொண்டு போகலாம். ஆனா உள்ளே திரும்பி ஊர்ச்சாலையில், முழு டேங்க் தண்ணீரோடு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் போக அரை மணி நேரம் ஆகும். காய்ந்த கூரை ஒன்று எரிந்து விழ அதில் கால்வாசி நேரம்கூட வேண்டாம்.

ஆக, 10 நிமிடத் தண்ணீரோடு, ஏற்கெனவே முடிந்துபோன வீட்டின் முன்னால் வந்து இறங்குகிறார்கள். அதை முதல் வீட்டில் கொட்டினால் இரண்டாவதும் மூன்றாவதும் போகும். காற்று போகும் திசையில் இன்னும் பற்றாத வீட்டின் கூரையையும் சுவரையும் நனைத்தால் அங்கேயே தீயை நிறுத்த ஒரு வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூரை வேய்வதே மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடத்தான். வெளியிலிருந்து ஹோஸில் அடிக்கும் தண்ணீரும் அப்படியே வழிந்து ஓடிவிடும். மேலே நனைந்து கறுப்பாகத் தெரியும், உள் அடுக்கில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். அணைந்த கூரை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பற்றுவது இதனால்தான். கூரையைக் கொக்கி போட்டு இழுத்து, கீழே தள்ளி, பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். தீ அணைந்த பிறகும் வண்டி கிளம்பாமல் நிற்பதைப் பார்த்தால், இந்த வேலைதான் நடக்கிறது.

எரியாத கூரையை ஏன் பிய்க்கிறாங்க?

இது இன்னும் பெரிய சண்டை. தண்ணீர் போதாது என்று தெரிந்தால், தீ வரும் பாதையில் இருக்கும் ஒரு கூரையை முன்கூட்டியே பிரித்துப் போட்டு இடைவெளி உண்டாக்குவார்கள். எரிய ஒன்றும் இல்லாத இடத்துக்கு வந்ததும் தீ நிற்கும். ஆனா அந்தக் கூரைக்குச் சொந்தக்காரர் என்ன நினைப்பார்? தீயே வராத வீட்டை இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றுதான். அந்த நேரத்தில் அவரிடம் பொறுமையாக விளக்கம் சொல்லவும் நேரமிருக்காது. தீயணைக்கும் பணிக்குத் தேவைப்பட்டால் கதவை உடைக்கவும் கட்டடத்தை இடிக்கவும் 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வீரர்களுக்கு அதிகாரம் தருகிறது.

இந்தத் தயக்கம் ஒரு நகரத்தையே எரித்த கதை உண்டு. 1666 செப்டம்பர் 2-ஆம் தேதி லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ, ஒட்டி ஒட்டி இருந்த மர வீடுகள் வழியாக ஓடியது. வழியில் இருக்கும் வீடுகளை இடித்தால் நிறுத்தலாம் என்பது அன்றைக்கே தெரிந்த முறைதான். ஆனா மேயர் தாமஸ் பிளட்வொர்த் இடிக்கச் சொல்லத் தயங்கினார். பிறகு கொக்கி போட்டும், வெடிமருந்து வைத்தும் இடித்தார்கள். அதற்குள் சுமார் 13,200 வீடுகள் போய்விட்டன. அடுத்த ஆண்டே, இனி செங்கல் அல்லது கல்லில்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. வீடுகளுக்கு இடையிலான சுவர் கூரையைத் தாண்டி மேலே எழும்ப வேண்டும் என்ற விதி 1707-இல் சேர்ந்தது. நம்ம ஊர் லைன் வீட்டில் இல்லாமல் போன அதே சுவர்தான்!

அதே லண்டனின் ஓரத்தில் இருக்கும் வென்னிங்டன் கிராமத்தில், வெப்பம் 40 டிகிரியைத் தொட்ட 2022 ஜூலை 19 அன்று, புல்வெளியில் பரவிய தீ வரிசை வீடுகளுக்குள் புகுந்து பல வீடுகளை எரித்தது. செங்கல் சுவர் மட்டும் போதாது, வெயிலும் காற்றும் சேர்ந்தால் எங்கேயும் நடக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் 2004-இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கூரைப் பந்தல் எரிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வீடுகளின் கூரை அப்படியே இருந்தது.

வண்டி வரும் வரை

101 அல்லது 112-க்கு அழைக்கும்போது "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ஊர், தெரு, எந்தப் பக்கத்து வழியில் பெரிய வண்டி நுழையும், கிணறு எங்கே இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா, இவ்வளவும் சொன்னால் அவர்கள் வரும் வழியிலேயே திட்டம் போட்டுவிடுவார்கள். முடிந்தால் ஒருவர் மெயின் ரோட்டில் நின்று வழிகாட்டலாம். சந்து முனையில் நிறுத்திய பைக்குகளை அகற்றுவதுகூடப் பெரிய உதவி. வண்டி நுழைய முடியாவிட்டால் 30 மீட்டர் ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்து இழுத்துவர வேண்டியிருக்கும்.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல மின்னகம் எண் 94987 94987. வீட்டுக்கு வரும் வயர் அறுந்து தகர ஷீட்டில் கிடந்தால் அந்த வரிசை முழுக்க மின்சாரம் பாயலாம். கரண்ட் நின்றது உறுதியாகாமல் வாளித் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

அடுத்தது சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாறினால் சுமார் 250 மடங்கு விரியும். தீ இன்னும் எட்டாத வீடுகளில் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தூரமாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சூடேறிய சிலிண்டரின் பக்கத்தில் போகவே கூடாது. அதன் வாயில் தீ எரிந்துகொண்டிருந்தால் வீரர்கள் உடனே அணைக்க மாட்டார்கள், தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிர வைப்பார்கள். தீயை அணைத்துவிட்டு வாயுவை மட்டும் வெளியே விட்டால், அது சுற்றிலும் தேங்கி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டின் அருகிலும் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். சூட்டில் படபடவென்று வெடித்துத் துண்டுகள் பறக்கும்.

பீரோவில் இருக்கும் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்காகத் திரும்ப உள்ளே ஓடுவதுதான் மனசைப் பிசையும் விஷயம். இவை எல்லாவற்றுக்கும் நகல் வாங்க முடியும். டிஜிலாக்கரில் முன்பே ஏற்றி வைத்திருந்தால் அந்த ஓட்டமே தேவைப்படாது.

எரிந்த பிறகு எவ்வளவு கிடைக்கும்?

தீ விபத்தும் பேரிடர் நிவாரண நிதி விதிகளுக்குள் வரும். 2022-26 காலத்துக்கான மத்திய அரசு விதிகளின்படி சேதமான குடிசை ஒன்றுக்கு 8,000 ரூபாய். முழுக்க இடிந்த வீட்டுக்குச் சமவெளிப் பகுதியில் 1.2 லட்சம். ஒரே வரிசையில் எரிந்த இரண்டு வீட்டில், ஒன்று 'குடிசை' என்றும் மற்றொன்று 'வீடு' என்றும் பதிவானால் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். எனவே கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதத்தைக் குறிக்கும்போது என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் சுத்தம் செய்வதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள்.

கூரையையே மாற்றும் முயற்சி பழையது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றுவது இலக்கு, ஆறு ஆண்டில் முடிக்க வேண்டும் என்பது திட்டம். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்கிறது. குறைந்தது 360 சதுர அடி, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். சொந்த மனை, பட்டா இருந்தால்தான் பெரும்பாலும் இதில் சேர முடியும். புறம்போக்கில் வரிசையாக ஓலைக் கூரை போட்டு இருப்பவர்கள் முதலில் பட்டாவுக்கு மனு போட வேண்டும். தாலுகா அலுவலகத்திலும், திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் அந்த மனுவைக் கொடுக்கலாம்.