நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் ஆய்வதும், அரியலூர் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குவதும் குனிந்தும் குத்துக்காலிட்டும் செய்கிற வேலைகள். எழுபது வயதிலும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. அப்படி உழைத்தவரே, முட்டிவலி என்று வீட்டோடு இருந்துவிட்டால், கொஞ்ச நாளில் தரையிலிருந்து எழக் கை கொடுக்க ஆள் தேடுகிறார். “வயசாயிடுச்சு” என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். முழுப் பழியையும் வயதின் மேல் போட முடியாது.

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தொடைத்தசை மேலும் இளைக்கும். அது தாங்க வேண்டிய பாரம் முட்டி மேல் இறங்கும், வலி கூடும். இந்தச் சுற்றை அறுப்பதுதான் பிசியோதெரபி எனும் இயன்முறை சிகிச்சை.

இயன்முறை மருத்துவர் வைக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். எழும்போது கை ஊன்றுகிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்பதையும் பார்ப்பார்கள்.

பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கும். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மார்பை முன்னே சாய்த்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். அந்த இறக்கமும் தசைக்கு நல்ல வேலைதான். முதலில் கை ஊன்றலாம்; பலம் கூடக்கூட விட்டுவிடலாம்.

தொண்ணூறு வயதில் தசை வலுக்குமா? 1990-ல் வெளியான பாஸ்டன் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறை ஒட்டிய வயதினருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி தந்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

ஊன்றுகோலிலும் விஷயம் இருக்கிறது. பலரும் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் பாரம் பிரியும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பு அளவுக்கு வர வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களுக்கு, மூட்டு இறுகாமல் கை கால்களை அசைத்துவிடுவதே முதல் வேலை. இவர்களை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது கிராமத்தில் பெரும்பாடு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் ஒன்று.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நெஞ்சுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். வீட்டில் பெரியவர் எழத் திணறினால், தூக்கிவிடுவதோடு நிற்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயன்முறை சிகிச்சை பற்றி விசாரியுங்கள்.