தராசில் ஒரு நிறை, மேடையில் இன்னொரு நிறை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி லண்டன் மாநகரின் ரொட்டன்ஹாம் விளையாட்டரங்கில் கிறிஸ் யூபாங்க் இளையவரும் கொனர் பென்னும் மோதினர். இவர்களின் தந்தையர் 1990களில் இருமுறை மோதிக்கொண்ட பழைய பகை, பிள்ளைகளின் காலத்திலும் தொடர்ந்தமையால் போட்டி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. முதல்நாள் நிறுத்தபோது யூபாங்க் 160 இறாத்தல் எல்லையை 0.05 இறாத்தலால் மீறியிருந்தார். அதாவது ஏறக்குறைய 23 கிராம். ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீரின் நிறை. அதற்காக அவர் செலுத்த நேர்ந்த தண்டம் ஐந்து இலட்சம் அமெரிக்க டொலர். மறுநாள் காலையிலும் 170 இறாத்தலைத் தாண்டலாகாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் போட்டியில் வென்றார். வென்ற கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

ஒன்றரைக் கரண்டித் தண்ணீருக்கு இத்தனை பெரிய தண்டம் ஏன் என்று வாசகர்கள் வியக்கலாம். தொழில்முறைக் குத்துச்சண்டையின் மிகப் பழைய நோய் ஒன்று இக்கேள்விக்குள் மறைந்திருக்கிறது. அதனை இங்கு ஆராய விழைகிறோம்.

ஒத்த நிறையுடையவர்களே மோதவேண்டும் என்பது குத்துச்சண்டையின் அடிப்படை நியதி. பாரமான உடலிலிருந்து வரும் குத்து பாரமானது. அதனைத் தாங்கும் தலையோ எவருக்கும் ஒன்றுதான். எனவேதான் ஆடவர் போட்டிகள் 17 நிறைப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. சில பிரிவுகளுக்கிடையே மூன்று, நான்கு இறாத்தல் வேறுபாடு மட்டுமே உண்டு. அத்துணை நுட்பமாக வரையப்பட்ட எல்லைகள் இவை.

ஆயினும் வீரர்கள் தம் இயல்பான நிறைக்குரிய பிரிவில் மோதுவது அரிது. ஒரு பிரிவோ இரு பிரிவோ கீழிறங்கி, தம்மிலும் சிறியவரைச் சந்திக்கவே பலரும் விரும்புகின்றனர். எதிராளியும் அதையே செய்வதால், செய்யாதவர் மெலிந்தவராக நிற்க நேரிடும். ஆகவே ஒருவரைப் பார்த்து ஒருவர், யாவரும் உடலை வற்றவைக்கின்றனர்.

பல வாரங்கள் உணவைக் கட்டுப்படுத்திக் கொழுப்பைக் குறைப்பது இதன் முதற்கட்டம், அதில் பெருந்தீங்கில்லை. ஆபத்து இறுதி நாட்களில் வருகிறது. அப்போது குறைக்கப்படுவது கொழுப்பன்று, உடலின் நீர். உப்பும் தண்ணீரும் நிறுத்தப்படுகின்றன. காற்றுப் புகாத உடையணிந்து ஓடுவதும், நீராவி அறையில் அமர்ந்திருப்பதும், எச்சிலைக்கூட விழுங்காது துப்புவதும் இவ்வுலகின் அன்றாடக் காட்சிகள். நீர் குறையுங்கால் குருதியின் அளவு சுருங்குகிறது, இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகிறது, வியர்வை வற்றியதும் உடல் தன் சூட்டைத் தணிக்கும் வழியை இழக்கிறது, சிறுநீரகங்கள் தவிக்கின்றன. மண்டையோட்டினுள் மூளையைத் தாங்கும் திரவமும் குறைந்து, விழும் குத்தின் அதிர்ச்சி கூடக்கூடும் என்பது மருத்துவர் பலரது அச்சம்.

முன்னாளில் போட்டி நடைபெறும் நாளன்று காலையிலேயே வீரர்கள் நிறுக்கப்பட்டனர். காலையில் வற்றிய உடல் இரவில் தேறியிராது. 1982 நவம்பர் 13இல் லாஸ் வேகாஸ் நகரில் அமெரிக்க வீரர் ரே மன்சினியைச் சந்தித்த தென்கொரிய வீரர் கிம் டக் கூ, 135 இறாத்தல் எல்லைக்கு இறங்குவதற்குப் பெரிதும் வருந்தினார் என்று கூறப்படுகிறது. பதினான்காம் சுற்றில் வீழ்ந்த அவர் சில நாட்களில் உயிரிழந்தார். அவரது மரணத்தின் பின்னரே உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்படத் தொடங்கின. அதே தசாப்தத்தில், நிறுக்கும் நேரமும் படிப்படியாக முதல்நாளுக்கு மாற்றப்பட்டது. வீரர் உண்டு, குடித்து, உறங்கித் தேறி மேடையேற ஒருநாள் அவகாசம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். நல்லெண்ணத்தில் பிறந்த விதிதான்.

ஆனால் கிடைத்த அவகாசத்தை வீரர்கள் தேறுவதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. முன்னிலும் அதிகமாக வற்றுவதற்கும் பயன்படுத்தினர். மறுநாள் வரை நேரமிருக்கிறதே என்ற துணிவில் ஐந்து இறாத்தல் குறைத்தவர் பத்தும் பதினைந்தும் குறைக்கலானார். தராசில் சமமாக நின்ற இருவர் மேடையில் வெவ்வேறு நிறையினராக எதிர்ப்படும் நிலை இவ்வாறே உருவாயிற்று.

இதன் கொடிய விளைவை 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கு கண்டது. இத்தாலியில் பிறந்து கனடாவின் மொன்றியலில் வளர்ந்த ஆர்த்துரோ காற்றியும் அமெரிக்கரான ஜோய் கமாஷும் 141 இறாத்தல் எல்லைக்கு உடன்பட்டிருந்தனர். முதல்நாள் தராசில் இருவரும் தகுதிபெற்றதாக அறிவிக்கப்பட்டது. போட்டியிரவில் தொலைக்காட்சி நிறுவனத்தின் தராசு வேறு கதை சொன்னது: கமாஷ் 145 இறாத்தல், காற்றி 160 இறாத்தல். இடைவெளி ஏறத்தாழ ஏழு கிலோ. இரண்டாம் சுற்றிலேயே கமாஷ் நினைவிழந்து வீழ்ந்தார். மூளையிற் காயமுற்ற அவர் மீண்டும் எந்நாளும் மோதவில்லை. முதல்நாள் நிறுவை முறையாக நடைபெறவில்லை எனக் கூறி மாநில விளையாட்டு ஆணைக்குழுவுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில் 2010இல் தீர்ப்பு வந்தது. நிறுவையில் ஆணைக்குழு கவனயீனமாக நடந்தது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் காயத்துக்கு நிறை வேறுபாடுதான் காரணம் என நிறுவப்படவில்லை என்று கூறி நட்டஈட்டை மறுத்தார். உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டும் கமாஷ் வெறுங்கையுடன் வீடு திரும்பினார்.

எல்லையை மீறுவதும் சிலருக்கு இலாபமாகிவிடுகிறது. 2005 மே மாதத்தில் டியேகோ கொறாலஸ், ஹோசே லூயிஸ் கஸ்ரியோவைப் பத்தாம் சுற்றில் வென்றது குத்துச்சண்டை வரலாற்றின் மகத்தான போட்டிகளில் ஒன்று. அதே ஆண்டு ஒக்ரோபரில் நடந்த மறுபோட்டிக்குக் கஸ்ரியோ 135 இறாத்தல் எல்லைக்கு மேலே நின்றார். பட்டம் பணயமாகவில்லை, போட்டியோ நடந்தது. நான்காம் சுற்றில் கொறாலஸ் வீழ்த்தப்பட்டார். 2024 ஏப்ரலில் டெவின் ஹேனியைச் சந்தித்த றயன் கார்சியா 3.2 இறாத்தல் அதிகமாயிருந்தும் மோத அனுமதிக்கப்பட்டார். மும்முறை ஹேனியை வீழ்த்தினார். பின்னர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியமையால் அம்முடிவு செல்லாதாக்கப்பட்டது. எதிராளி நிறை மீறிவிட்டார் என்று அறிந்தும் இத்தகைய தருணங்களில் மறுக்கும் துணிவு பலருக்கு வருவதில்லை. மறுத்தால் மாதக்கணக்கான பயிற்சியின் கூலி கைநழுவும். குறுகிய முன்னறிவித்தலில் அழைக்கப்பட்டு, சிறு தொகைக்காக அந்நிய நகரில் மேடையேறும் பெயரறியா வீரருக்கோ பேரம்பேசும் பலமே கிடையாது.

மாற்றுவழிகள் இல்லாமலில்லை. சர்வதேச குத்துச்சண்டைச் சம்மேளனம், பட்டப் போட்டியின் காலையில் மீண்டும் நிறுத்து, பத்து இறாத்தலுக்கு மேல் ஏறலாகாது என விதித்தது. ஆனால் 2017இல் கொலொவ்கினுடன் மோதிய டானியல் ஜேக்கப்ஸ் அந்நிறுவைக்கு வராமலே விட்டுவிட்டார். அச்சம்மேளனத்தின் பட்டம் அவருக்கு எட்டாதுபோனது; போட்டி நடந்தேறியது. உலக குத்துச்சண்டைப் பேரவை முப்பது நாட்களுக்கு முன்னரும் ஏழு நாட்களுக்கு முன்னரும் நிறையைச் சோதிக்கிறது. பிற விளையாட்டுக்கள் மரணங்களின் பின்னரே விழித்தன. 1997இன் இறுதியில், ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள், அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்த மாணவர் மூவர் நிறை குறைக்கும் முயற்சியில் மாண்டனர். அதன்பின் அங்கு நீராவி அறையும் காற்றுப் புகாத உடையும் தடைசெய்யப்பட்டு, நிறுக்கும் நேரம் போட்டிக்கு மிக அண்மைக்குக் கொண்டுவரப்பட்டது. 2015இல் மணிலாவில் சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தபின், ஆசியாவின் கலப்புச் சண்டை நிறுவனமொன்று சிறுநீரைச் சோதித்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என அறியும் முறையைக் கொணர்ந்தது.

போட்டி நாளிலேயே நிறுத்தால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இரண்டாம் நாட் காலை 100 கிராம் அதிகமாயிருந்தமையால் இறுதிப்போட்டியை இழந்தார். இரவெல்லாம் உடலை வருத்தியும் தலைமயிரைக் குறைத்தும் தராசு இரங்கவில்லை. நேரத்தை மாற்றுவதோடு, நிறுக்கும்போது உடலில் நீர் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஒருவர் எந்தப் பிரிவுக்கு இறங்கலாம் என்பதைப் பல வாரங்களுக்கு முன்னரே மருத்துவர் தீர்மானிக்கவேண்டும். மேடையேறுமுன் நிறை அளவுமீறி ஏறியிருப்பின் போட்டியே நிறுத்தப்படவேண்டும். தண்டப்பணம் மட்டும் போதாது என்பதே எமது கருத்து. செல்வந்த வீரருக்குத் தண்டம் ஒரு செலவுக்கணக்கு மட்டுமே.

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகளும் பாடசாலை மல்யுத்த அணிகளிலும் அயலிலுள்ள குத்துச்சண்டைக் கழகங்களிலும் சேர்ந்து வருகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும் பிள்ளை திடீரெனத் தண்ணீர் குடிக்க மறுத்தால், கோடையிலும் தடித்த உடைகளை அடுக்கி அணிந்து ஓடினால், போட்டிக்கு முதல்நாள் தலைச்சுற்றல் என்று சொன்னால் பெற்றோர் வாளாவிருத்தலாகாது. மொழி சரியாக வராதே என்று தயங்காமல், வேண்டுமாயின் மூத்த பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, பயிற்றுநரிடம் நேரில் கேளுங்கள்: "என் பிள்ளையின் இயல்பான நிறைக்குரிய பிரிவு எது? ஏன் அதில் மோதவிடக்கூடாது?" நல்ல பயிற்றுநர் இக்கேள்விக்குப் பொறுமையாக விடை தருவார். விடை தர மறுப்பவரிடம் பிள்ளையை விட்டுவைக்க வேண்டாம்.