ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தல்

உயர்ந்த விலையுள்ள ஒலிபெருக்கி வாங்கப் புகும் அன்பர்கள் முதலில் கேட்கும் வினா, "எது சிறந்தது?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு. எதை விட்டுக்கொடுக்க நாம் இசைகிறோம் என்பதே அது.

சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தர ஒலி, குறைந்த மின்திறனில் மிகுந்த ஓசை ஆகிய மூன்றையும் எவரும் விரும்புவர். மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. காரணம் யாதெனின், மந்தர ஒலி எழ மிகுதியான காற்று அசைய வேண்டும். சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றோ சுருள்வில் போல நின்று ஒலித்தகட்டின் அசைவைத் தடுக்கிறது. தகட்டின் எடையைக் கூட்டினால் மந்தரம் கிடைக்கும்; ஆனால் ஓசை குன்றும். அவ்வாறு குன்றும் ஒவ்வொரு 3 டெசிபலையும் ஈடு செய்ய இரு மடங்கு மின்திறன் வேண்டும். இதனை 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்பர்.

இரண்டு சான்றுகளைக் காண்போம். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பார் 1946-இல் விற்பனைக்குக் கொணர்ந்த 'கிளிப்ஷ்ஹார்ன்' நான்கடிக்கு மேல் உயரமுள்ளது. அறையின் மூலையில் நிறுத்தினால் இரு சுவர்களும் அதன் கொம்பு வாயின் நீட்சியாகிவிடும். ஆதலின் சில வாட் மின்திறனிலேயே அது முழங்கும். ஆனால் ஏற்ற மூலையில்லாத அறைக்கு அது பொருந்தாது. 1970-களில் பி.பி.சி. பொறியாளர்கள் ஒலிபரப்பு வண்டியின் நெருக்கடியான இடத்திற்கென 'எல்.எஸ். 3/5ஏ' என்னும் பெட்டியை உருவாக்கினர். அதன் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே. மனிதக் குரலை இயல்பு மாறாமல் ஒலிப்பதில் அது பெரும்புகழ் பெற்றது. ஆழ்ந்த மந்தரத்தையும் பேரோசையையும் அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. இவ்விரண்டில் எது தாழ்ந்தது? இரண்டும் தத்தம் பணிக்கு உயர்ந்தவையே.

அப்படியாயின் எல்லாம் அவரவர் சுவையைப் பொறுத்தது என்று விட்டுவிடலாமா? அதுவும் முழு உண்மையன்று. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. பெட்டிகளைக் கண்ணால் கண்டு கேட்டவர்களின் மதிப்பீடு, திரைக்குப் பின் வைத்துக் கேட்டபோது மாறிவிட்டது. உருவமும் விலையும் பெயரும் செவியின் தீர்ப்பில் குறுக்கிட்டன. காணாமல் கேட்கும்போதோ, எந்த ஒலியையும் மிகையாக்காமலும் குறைக்காமலும் தரும் பெட்டியையே பெரும்பாலோர் விரும்புகின்றனர் என்பதை அவர்களுடைய ஆராய்ச்சிகள் காட்டின.

ஆகவே கடைக்குச் செல்லும்போது, நாம் நன்கறிந்த குரலொன்றின் பதிவை எடுத்துச் செல்வோமாக. தம்புராவின் ரீங்காரமும் மிருதங்கத்தின் தொப்பியும் அதில் இருத்தல் நன்று. ஒப்பிடும் இரு பெட்டிகளின் ஓசையும் சம அளவில் இருக்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும் மயக்கம் எவருக்கும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, உடன் வந்தவரைப் பெட்டிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யலாம். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று கவரும் ஒலி ஒரு மணி நேரத்தில் சலிப்பூட்டுவதும் உண்டு. பொறுமையுடன் கேட்டல் வேண்டும்.

இறுதித் தீர்ப்பு நம் வீட்டு அறையினுடையது. தில்லியிலோ மும்பையிலோ அடுக்ககத்தின் சிறிய அறையில் வாழ்பவர், மூலையில் வைத்த பெட்டியின் மந்தரம் தாமே மிகுந்து குரலை மூடுவதைக் காணலாம். சுவரை எளிதிற் கடந்து அண்டை வீட்டாரை எட்டுவதும் அம்மந்தரமே. அத்தகைய வீட்டில் மந்தரத்தைச் சிறிது விட்டுக்கொடுத்துக் குரலின் தெளிவைக் கொள்வது நட்டமன்று. ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்வோர்க்குப் பழகிய குரல் பழகிய குரலாகவே கேட்க வேண்டும். பல மாதச் சேமிப்பைச் செலவிடும்போது, விற்பவரின் சொல்லைக் காட்டிலும் நம் செவியின் அமைதியான தீர்ப்பையே நம்புதல் தகும்.